வாங்குவோர் கேள்வி-பதில்: பெயர் இருக்கிறது, படம் இல்லை

கேள்வி: திருமணப் படம் எடுப்பது என் தொழில். லேப்டாப்பில் லினக்ஸ். மூன்று வாரத்துக்கு முன் வாங்கிய 2 டிபி ஹார்டு டிஸ்க்கைக் கடைக்காரர் சொன்னபடி ஈஎக்ஸ்டி4 முறையில் (லினக்ஸ் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) ஃபார்மேட் செய்தேன். "இதில் ஜர்னல் இருக்கிறது, கரண்ட் போனாலும் ஒன்றும் ஆகாது" என்றார். காப்பி முடிந்ததாகத் திரை காட்டியதும் கேமராவின் மெமரி கார்டை ஃபார்மேட் செய்தேன். எழுந்தபோது கால் பட்டு டிஸ்க்கின் வயர் கழன்றுவிட்டது. மீண்டும் செருகினால் ஏறக்குறைய 200 படங்களுக்குப் பெயர் இருக்கிறது, அளவு 0. டிஸ்க் பழுதா? திருப்பித் தரலாமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: டிஸ்க் இருக்கட்டும், முதலில் கார்டைக் கவனியுங்கள். கேமராவில் செய்யும் சாதாரண ஃபார்மேட் பெரும்பாலும் பட்டியலைத்தான் அழிக்கிறது. மேலே வேறெதுவும் எழுதப்படாத வரை படங்கள் கார்டிலேயே கிடக்கும். எனவே அந்தக் கார்டில் இனி ஒரு படம்கூட எடுக்காதீர்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு தேடுங்கள். மீட்டெடுப்பதை வேறொரு டிஸ்க்கில் சேமியுங்கள், கார்டில் வேண்டாம். பழைய பெயர்கள் திரும்பாது, படங்கள் திரும்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது. அந்த மணமக்களுக்காகவாவது இன்றே செய்யுங்கள்.

இனி அந்தக் கடைக்காரரின் வாக்கியம். இதை எத்தனை கடைகளில் கேட்டிருக்கிறேன்! கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது, ஏனென்றால் பாதி உண்மையாக இருப்பதால்தான் மக்கள் இதை நம்புகிறார்கள்.

வணிகவியல் படித்தவர்களுக்குக் குறிப்பேடும் பேரேடும் தெரியும். நடந்ததை முதலில் குறிப்பேட்டில் எழுதி, பிறகு பேரேட்டில் ஏற்றுவார்கள். ஏற்றும்போது பாதியில் விளக்கு அணைந்தாலும், குறிப்பேட்டைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்துவிடலாம். ஜர்னலின் வேலையும் இதுதான். ஆனால் ஈஎக்ஸ்டி4 வழக்கமாக இயங்கும் முறையில் அந்தக் குறிப்பேட்டில் ஏறுவது கோப்பின் பெயர், அளவு, இருப்பிடம் போன்ற விவரங்கள் மட்டுமே. உங்கள் படம் அதில் இல்லை. மூட்டை கிடங்கில் இறங்காவிட்டாலும் கணக்கு ஒழுங்காக இருக்கும். விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறையின் ஜர்னலும் விவரங்களைத்தான் காக்கிறது. படத்தையும் சேர்த்து ஜர்னலில் எழுதும் முறை ஈஎக்ஸ்டி4-இல் உண்டு. எல்லாவற்றையும் இரண்டு முறை எழுத வேண்டியிருப்பதால் பெரும்பாலோர் அதைப் பயன்படுத்துவதில்லை.

உங்களுக்கு நடந்தது இதுதான். புதிய கோப்பின் பெயர் வழக்கமாக 5 விநாடிக்குள் ஜர்னலில் ஏறிவிடும். படத்தின் உள்ளடக்கமோ கணினியின் நினைவகத்தில் 30 விநாடி வரை காத்திருக்கலாம், அதற்கு டிஸ்க்கில் இடம் ஒதுக்குவதும் அதுவரை தள்ளிப்போகும். நிறையக் காப்பி செய்தால் எழுதி முடிய இன்னும் நேரமாகும். "காப்பி முடிந்தது" என்று திரை சொன்னபோது படங்கள் நினைவகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தன, டிஸ்க்குக்கு அல்ல. இடையில் வயர் கழன்றது. பெயர் மிஞ்சியது, படம் போனது. 2009-இல் ஈஎக்ஸ்டி4 பரவத் தொடங்கியபோதே இந்தப் பூஜ்ய அளவுக் கோப்புகள் பெரிய புகாராகக் கிளம்பின. லினக்ஸ் 2.6.30-இல் பழைய கோப்பை மாற்றி எழுதும் இடங்களுக்குத் தீர்வு வந்தது. புதிதாகக் காப்பியாகும் கோப்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

டிஸ்க் பழுதா என்று ஊகிக்க வேண்டாம், பார்த்துவிடலாம். லினக்ஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் கெர்னல் பதிவைத் திறந்து நேர வரிசைப்படி படியுங்கள். யுஎஸ்பி இணைப்பு அறுந்த வரி முதலில் வந்து, எழுத முடியாத பிழைகள் அதன்பின் வந்தால், குற்றவாளி வயர். இணைப்பு இருக்கும்போதே படிக்க முடியாத பிழைகள் வந்திருந்தால் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். யாரும் தொடாமலே இணைப்பு திரும்பத் திரும்ப அறுந்து சேர்ந்திருந்தால் மின்சாரம் போதவில்லை, அல்லது கேபிள் மோசம். பழைய யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. அடுத்து, டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். அதில் 5 (கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதிகள்), 197 (படிக்க முடியாமல் நிற்கும் பகுதிகள்) ஆகிய எண்களுக்கு எதிரே பூஜ்யம் இருந்தால் ஓரளவு நிம்மதி. 199 (தரவு கடத்தும்போது வரும் பிழைகள்) மட்டும் ஏறிக்கொண்டே போனால் பொதுவாக இணைப்பில்தான் கோளாறு.

நானும் இதில் அடிபட்டவன். 350 ரூபாய்க்குப் பெயரில்லாத ஒரு டிஸ்க் பெட்டி வாங்கினேன். அதன் துளையில் வயர் நிற்கவே இல்லை. என் தங்கையின் திருமண வீடியோவில் இரண்டு மணி நேரம் அதில் போயிற்று. அதே டிஸ்க் நல்ல பெட்டிக்கு மாறியபின் ஒரு நாளும் தகராறு செய்யவில்லை. வீடியோ மட்டும் திரும்பவில்லை.

நீங்கள் எழுதியபடி பார்த்தால் டிஸ்க் நல்லது, எனவே திருப்பித் தர முடியாது. இனிமேல், "பத்திரமாக அகற்று" என்பதை அழுத்தி, அது அனுமதி தரும் வரை காத்திருந்து, மறுபடி செருகி, நான்கைந்து படங்களைத் திறந்து பார்த்த பிறகே கார்டைத் தொடுங்கள்.

கேள்வி: விண்டோஸில் "பத்திரமாக அகற்று" என்பதை அழுத்தாமல் ஐந்து வருடமாகப் பென் டிரைவை இழுக்கிறேன். ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: 2018-இன் 1809 பதிப்பிலிருந்து விண்டோஸ் 10 விரைவாக அகற்றும் முறையை, அதாவது எழுதுவதை நினைவகத்தில் தேக்கி வைக்காத முறையை, வழக்கமாக வைத்திருக்கிறது, அதுதான் உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது இழுத்தால் அதுவும் காக்காது. அழுத்துங்கள்.

கேள்வி: டிஸ்க்கில் "டக் டக்" என்று சத்தம். எஃப்எஸ்சிகே மூன்று முறை ஓட்டினேன். சரியாகாததால் ஃபார்மேட் செய்து, மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் நிறுவினேன். இப்போது டிஸ்க்கே தெரியவில்லை. எந்த மென்பொருள் வாங்கலாம்?

பதில்: எதுவும் வாங்காதீர்கள். சத்தம் கேட்டவுடன் நிறுத்தியிருக்க வேண்டும். எஃப்எஸ்சிகே டிஸ்க்கின் கோப்புக் கணக்கைச் சரிசெய்யும் கருவி, தேவைப்பட்டால் உங்கள் கோப்புகளை வெட்டியும் சரிசெய்யும். சாகும் டிஸ்க்கில் அதை ஓட்டக் கூடாது. டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் மென்பொருளைக் கொண்டு டிஸ்க்கை முழுதாக வேறொன்றில் நகலெடுத்து, பழுதுபார்ப்பதை நகலில்தான் செய்ய வேண்டும். இதை இந்தப் பகுதியில் பலமுறை எழுதிவிட்டேன். தரவு அவசியமென்றால் டிஸ்க்குக்கு மின்சாரமே கொடுக்காமல் மீட்பு நிலையத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை. 900 ரூபாய்க்கு 2 டிபி பென் டிரைவ் இணையத்தில் வாங்கினேன். பள்ளி ஆண்டுவிழாப் படங்கள் 60 ஜிபி ஏற்றினேன். ஏறக்குறைய பாதி திறக்கவில்லை. பென் டிரைவை இழுத்ததால் ஜர்னல் கெட்டிருக்கும் என்கிறார் விற்றவர்.

பதில்: அம்மா, தவறு உங்களுடையது இல்லை. விற்றவர் உங்களை இரண்டு முறை ஏமாற்றியிருக்கிறார். பென் டிரைவ்கள் வழக்கமாக எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட்32 முறையில் வருகின்றன. இரண்டிலும் ஜர்னலே கிடையாது. உள்ளே 32 ஜிபி சில்லை வைத்து 2 டிபி என்று காட்டும் மோசடியாகத் தெரிகிறது. உண்மையான இடம் தீர்ந்தபின் எழுதுவதெல்லாம் காற்றில் போகும், அல்லது பழையதை அழிக்கும். திறக்கும் படங்களை உடனே வேறிடத்துக்கு மாற்றுங்கள். பிறகு உண்மையான கொள்ளளவைக் காட்டும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசச் சோதனையை ஓட்டி முடிவைப் படமெடுத்து வையுங்கள். அதுவே உங்கள் சாட்சி.

பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவுசெய்யுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் தரலாம், இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. பில்லில் வேறு காலவரை இல்லாதபோது, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பதையே நியாயமற்ற வணிகம் என்கிறது அதே சட்டம். 900 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: வாரண்டியில் புது டிஸ்க் தருகிறார்கள், உள்ளே இருந்த தரவுக்குப் பொறுப்பில்லை என்கிறார்கள். சரியா?

பதில்: வாரண்டி அட்டையில் பெரும்பாலும் அப்படித்தான் அச்சிட்டிருக்கும். வாங்கும்போதே படியுங்கள். தரவு வேண்டுமென்றால் பழைய டிஸ்க்கை ஒப்படைக்கும் முன் மீட்டுவிடுங்கள், ஒப்படைத்தபின் அது திரும்பி வராது.

கேள்வி: ஒரே டிஸ்க்கில் இரண்டு பார்ட்டிஷன் போட்டு இரண்டிலும் அதே படங்களை வைத்திருக்கிறேன். போதுமா?

பதில்: போதாது. இன்னொரு டிஸ்க் வாங்குங்கள்.