ஒழுக்கங்கெட்டவர் யார்?

கேள்வி: ஒழுக்கக்கேடு என்று எதைச் சொல்வது? சட்டத்தை மீறுவதையா, ஊர் வழக்கத்தை மீறுவதையா? இரண்டையும் மீறாதவர் ஒழுக்கமானவர்தானே?

பதில்: இல்லை. முதலில் சட்டம். அமெரிக்காவில் 1850-இல் வந்த ஒரு சட்டப்படி, தப்பி ஓடிவந்த அடிமையை வீட்டில் ஒளித்துவைத்தால் ஆறு மாதம் வரை சிறை, 1,000 டாலர் வரை அபராதம். காட்டிக்கொடுத்தவர் சட்டத்தை மதித்தவர், கதவைத் திறந்துவிட்டவர் குற்றவாளி. இவர்களில் யாரை ஒழுக்கங்கெட்டவர் என்பீர்கள்? 1865-இல் அடிமைமுறை ஒழிந்தது. காட்டிக்கொடுத்தது அன்றைக்குத்தான் தப்பாகிப் போனதா என்ன?

சரி, வழக்கம்? குழப்பம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஒழுகுதல் என்றால் நடந்துகொள்ளுதல், அதிலிருந்து வந்தது ஒழுக்கம். இலத்தீனிலும் 'மோஸ்' என்றால் வழக்கம்தான், அதை வைத்து பழைய ரோமானிய அறிஞர் சிசரோ உண்டாக்கிய சொல்லின் வழியாகத்தான் ஆங்கிலத்துக்கு 'மாரல்' கிடைத்தது. ஆக, நாலு பேர் நடக்கிறபடி நடந்தால் ஒழுக்கம் என்று ஆகிவிட்டது. அப்புறம் அதுவும் சுருங்கி, யார் யாரோடு பழகுகிறார்கள், என்ன உடுத்துகிறார்கள் என்பதில் வந்து நின்றுவிட்டது, அதிலும் பெரும்பாலும் பெண்களைப் பற்றித்தான். கணவனை இழந்த ஒருத்தி யாரோடோ சிரித்துப் பேசினால் போதும், அந்தச் சொல் வாயில் தயாராக இருக்கிறது. எனக்கு இதில் தீராத கோபம் உண்டு. அறம் எது என்று சொல்ல வந்த குறள் ஒன்று விலக்கச் சொல்வது பொறாமை, பேராசை, கோபம், கடுஞ்சொல் என்ற நான்கைத்தான். பொறாமைக்காரர் என்று யாரையாவது ஊர் ஒதுக்கி வைத்ததுண்டா?

கைக்குழந்தை இன்னொரு குழந்தையின் முகத்தைக் கீறினால் அது ஒழுக்கக்கேடு ஆகாது, நல்லது கெட்டது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. பெரியவர்கள் தெரியாமல் செய்தால் தவறு, திருத்திக்கொள்ளலாம். இன்னொருவருக்கு வலிக்கும் என்று நன்றாகத் தெரிந்து, தனக்கு லாபம் அல்லது சௌகரியம் என்பதற்காக அதைச் செய்வதைத்தான் நான் ஒழுக்கக்கேடு என்பேன்.

சட்டம், வழக்கம் இரண்டையும் மீறாதவர் என்று ஒருவரைக் கேட்டீர்களே, அவரைப் பாருங்கள். கடைசிவரை வைத்துக் காப்பாற்றுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லி, நடுங்குகிற கட்டைவிரலை மையில் தோய்த்து வீட்டை எழுதி வாங்கிக்கொண்டவர். பத்திரத்தில் ஒரு குறையும் இல்லை. ஊரும் கெட்டிக்காரப் பிள்ளை என்கிறது. உள்ளறையிலிருந்து அம்மா மூன்றாவது முறையாகத் தண்ணீர் கேட்கிறாள், அவர் காதில் நன்றாகவே விழுகிறது.