குடியிருப்போர் சங்கம் இருக்கும் நகரில் வீடு வாங்கலாமா, சங்கமே இல்லாத தெருவில் வாங்கலாமா?

கேள்வி கேட்டவர் கடலூரிலோ புதுச்சேரியிலோ வீடு பார்க்கிறார். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன், "சங்கம் இருக்கிற இடமே வேண்டாம், உயிரை எடுத்துடுவாங்க" என்கிறாராம். இங்கே தரகரோ, "நலச்சங்கம் இருக்கிற நகர் சார், பாதுகாப்பு" என்று அதையே சொல்லி விலையை ஏற்றுகிறாராம். யார் சொல்வதைக் கேட்பது என்பது கேள்வி.

நான் இரண்டு விதமாகவும் இருந்து பார்த்தவள். பிறந்து வளர்ந்தது கடலூர் மஞ்சக்குப்பத்தில். அந்தத் தெருவில் சங்கம் என்ற பேச்சே எழுந்ததில்லை. 2013-லிருந்து புதுச்சேரியில், ரெட்டியார்பாளையம் பக்கம் ஒரு நகரில் இருக்கிறோம். 86 வீடுகள், பதிவு செய்த சங்கம், முகப்பில் வளைவு, மாதச் சந்தா 250 ரூபாய். அந்தச் சங்கத்துக்கு நான் இரண்டு வருஷம் பொருளாளராகவும் இருந்தேன். ஆசைப்பட்டு ஏற்ற பதவி இல்லை. பொதுக்குழுவில் எல்லோரும் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது, "அவங்க பேங்க்ல வேலை பார்த்தவங்கதானே" என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

அண்ணன் சொல்வதில் பொய்யில்லை. அங்கே சங்கம் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். அப்படிப்பட்ட இடத்தில் வீடு வாங்கினால் விதிகளும் சேர்ந்தே வரும், நான் சேரமாட்டேன் என்று சொல்ல முடியாது. புல் எவ்வளவு உயரம் இருக்கலாம், கதவுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்பது வரை எழுதி வைத்திருப்பார்கள். பணம் கட்டாவிட்டால் வீட்டின் மேலேயே பாத்தியதை விழும், பல மாநிலங்களில் அது ஏலம் வரைக்கும் போகலாம். டல்லாஸ் பக்கம் இருக்கிற என் தம்பிக்குக் குப்பைத்தொட்டி ஒரு நாள் கூடுதலாக வெளியே நின்றதற்குக் கடிதம் வந்தது, போட்டோவோடு. வீட்டு வாசலில் மதச் சின்னம் வைப்பதைச் சங்கம் தடுக்கக் கூடாது என்று டெக்சாஸில் 2011-ல் தனியாகச் சட்டமே கொண்டுவந்தார்கள். நம் ஊரில் மாவிலைத் தோரணம் கட்ட எந்தச் சட்டத்தைப் பார்க்கிறோம்?

இங்கே அந்த அதிகாரம் எதுவும் கிடையாது. தனி வீடுகள் உள்ள நகரில் சங்கம் என்பது சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவான ஓர் அமைப்பு, அவ்வளவுதான். புதுச்சேரியில் அது 1860-ஆம் வருஷச் சட்டம், கடலூரில் தமிழ்நாட்டின் 1975-ஆம் வருஷச் சட்டம். சந்தா தராதவரை என்ன செய்ய முடியும் என்றால், வாட்ஸப் குழுவில் பெயர் போடலாம். அதையும் போட்டுப் பார்த்தோம். ஒருவர் அந்தப் பட்டியலுக்குக் கீழேயே கைகூப்பும் படம் போட்டுவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போவேன். "சார் குளிக்கிறார்." "அடுத்த மாசம் சேர்த்துக் குடுத்துடறேன்மா." "எங்க தெருவுல லைட்டே எரியலை, நான் எதுக்குக் குடுக்கணும்?" இந்தக் கடைசிக் கேள்வி நியாயமானது என்பதால் அங்கே நான் பத்து நிமிஷம் நின்று பேசுவேன். 86 வீட்டில் ஒழுங்காகத் தருவது 58 வீடு. மாதம் 14,500 ரூபாய் வரும். இரவு வாட்ச்மேனுக்கு 11,000 போனால் மிச்சத்தில் கேமரா ரிப்பேர், செடிக்குத் தண்ணீர், பொங்கலுக்குக் கோலப்போட்டி பரிசு. பரிசு எவர்சில்வர் தூக்கா, பிளாஸ்டிக் டப்பாவா என்று ஒரு கூட்டத்தில் நாற்பது நிமிஷம் பேசியிருக்கிறோம். மினிட் புத்தகத்தில் இருக்கிறது.

இவ்வளவு பல் இல்லாத சங்கம் எதற்கு என்று கேட்டால், புதுச்சேரியைப் பொறுத்தவரை ஒரே பதில்தான். லெட்டர்பேடு.

வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பிறகு 2006-ல்தான் நடந்தது. அப்போது வந்தவர்களின் காலம் 2011-ல் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. ஆக எங்களுக்குக் கவுன்சிலர் என்று ஒருவர் கிடையாது. கடலூரில் சாக்கடை அடைத்தால் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு நேராகக் கவுன்சிலர் வீட்டுத் திண்ணைக்குப் போய்விடுவார். இங்கே அப்படிப் போக ஒரு திண்ணை இல்லை. நகராட்சி அலுவலகம் இருக்கிறது, பொதுப்பணித்துறை இருக்கிறது, எம்எல்ஏ இருக்கிறார். சுமார் 10 லட்சம் வாக்காளர்களுக்கு 30 தொகுதி என்பதால் எம்எல்ஏவைப் பார்ப்பது மற்ற ஊர்களைப் போல அவ்வளவு கஷ்டம் இல்லை, காதுகுத்துக்குக்கூட வந்துவிட்டுப் போவார். ஆனாலும் தனி ஆள் கொடுக்கும் மனுவுக்கும், பதிவு எண் அச்சடித்த தாளில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் கையெழுத்துப் போட்டு ரப்பர் ஸ்டாம்ப் குத்திய மனுவுக்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவதற்கு வரவு எண் போட்டுக் கொடுப்பார்கள்.

எங்கள் மூன்றாவது குறுக்குத் தெருவில் ஒரு வீடு. சென்னையில் இருக்கும் உரிமையாளர் அதைத் தினவாடகைக்கு விட ஆரம்பித்தார். சனிக்கிழமை ராத்திரி ஆனால் நாலு கார், பாட்டு, மொட்டைமாடியில் கூச்சல். ஞாயிறு காலையில் காலி பாட்டில்கள். கோலத்தின் மேலேயே வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்குவார்கள். வாட்ச்மேன் சொன்னால், "நாங்க காசு குடுத்துத் தங்கறோம்" என்று பதில். வார இறுதி என்றாலே ஊருக்குள் கூட்டம்தான், அது தெரிந்துதான் இங்கே இருக்கிறோம்; ஆனால் பக்கத்து வீட்டில் பத்தாவது பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருந்தது. போலீஸுக்குப் போன் செய்தால் வந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் போவார்கள், அடுத்த சனிக்கிழமை வேறு ஆட்கள். கடைசியில் அந்த வீட்டுக்கு விடுதி நடத்த உரிமம் இருக்கிறதா என்று கேட்டு நகராட்சிக்கு லெட்டர்பேடில் ஒரு கடிதம் எழுதி, நகலை உரிமையாளருக்கும் அனுப்பினோம். எட்டு மாதமாகப் போனை எடுக்காதவர் அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கே வந்துவிட்டார். இப்போது அங்கே ஒரு நர்ஸ் குடும்பம் குடியிருக்கிறது.

அதே சங்கம் செய்த கோமாளித்தனத்தையும் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் சைக்கிள் திருடு போனதும், "வெளி வியாபாரிகளுக்கு உள்ளே அனுமதி இல்லை" என்று தீர்மானம் போட்டு வளைவில் பலகை மாட்டினார்கள். வீராம்பட்டினத்திலிருந்து கூடையோடு வரும் மீன்கார அம்மாவையும் அது நிறுத்திவிட்டது. பத்து வருஷமாக வருகிறவர், யார் வீட்டில் யாருக்கு எந்த மீன் ஆகாது என்பது வரை அவருக்குத் தெரியும். அவர் ஒன்றும் சண்டை போடவில்லை. வளைவுக்கு வெளியே, பலகைக்கு நேர் கீழே கூடையை இறக்கி உட்கார்ந்துவிட்டார். காலை ஏழு மணிக்குப் பாத்திரத்தோடு எல்லோரும் அங்கே நடந்தோம். மூன்றாம் நாள் துணைத்தலைவரின் மனைவி வரிசையில் என் முன்னால் நின்று, "நல்ல சங்கராவா பார்த்துக் குடும்மா, அவருக்குக் கவலை மீன் ஆகாது" என்றார். அந்த வாரமே வாட்ச்மேனுக்குக் கண் மங்கிவிட்டது. பலகை இன்னும் இருக்கிறது, மீன் வாசல் வரைக்கும் வருகிறது.

இன்னொன்று, அந்தத் தெருக்கள் நம்முடையவை அல்ல. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவுகளில் தெருவும் பூங்கா இடமும் பொதுவாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். வளைவு கட்டியதால் அது தனியார் சாலை ஆகிவிடாது. "கேட் போட்டு பத்து மணிக்குப் பூட்டிடுவாங்க சார்" என்று தரகர் பெருமையாகச் சொன்னால், அந்தத் தெரு யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள்.

மழைக்கு வருகிறேன். இந்தக் கடற்கரையில் வீடு வாங்குகிறவர் கேட்க வேண்டியதே அதுதான்.

2011 டிசம்பர் 30, தானே புயல். நான் கடலூரில் இருந்தேன். கரண்ட் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. எங்கள் தெருவுக்கு நாள்கணக்கில் மின்சாரம் வரவில்லை. சங்கம் இல்லாத தெரு. இரண்டாம் நாள் சாயங்காலம் கோடிவீட்டு மாமா ஒரு நோட்டோடு வந்தார். வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து, வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர் பிடித்து, தள்ளுவண்டியில் ஏற்றி வீடு வீடாக உருட்டிப்போய்த் தண்ணீர்த் தொட்டிகளை நிரப்பினார்கள். வீட்டுக்கு இருபது நிமிஷம். காசு தராதவர் வீட்டையும் விடவில்லை. "அவங்க வீட்டுல குழந்தை இருக்கு" என்று சொல்லி முடித்துவிட்டார்.

இதைச் சொன்னதும் சங்கமில்லாத தெரு சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். அதே தெருவில் முனையில் ஒரு குப்பைமேடு என் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து இருக்கிறது. இரண்டடி தள்ளிப் படி கட்டிய எதிர்வீட்டுக்காரரிடம், அதில் தினமும் தடுக்கிக்கொண்டாலும், யாரும் வாய் திறந்து கேட்டதில்லை. முகதாட்சண்யம். நல்லது செய்ய வைத்ததும் அதுதான், கேட்க வேண்டியதைக் கேட்கவிடாமல் செய்ததும் அதுதான்.

2024 நவம்பர் 30 ராத்திரி, பெஞ்சல் புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கிருஷ்ணா நகரில் ராணுவம் இறங்கித்தான் ஆட்களை வெளியே கொண்டுவந்தது. எங்கள் நகரில் பின்பக்கம் இரண்டு தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். சங்கத்துக்கு டீசல் மோட்டார் உண்டு, நான் பொருளாளராக இருந்தபோது வாங்கியதுதான். ஷெட் சாவி செயலாளரிடம். செயலாளர் கல்யாணத்துக்குச் சேலம் போயிருந்தார். ராத்திரி இரண்டு மணிக்குப் பூட்டை உடைத்தோம்.

மோட்டார் ஓடியது, தண்ணீர் இறங்கியது. எங்கே போனது என்று இருட்டில் யாரும் பார்க்கவில்லை. விடியும்போது பின்னாலிருக்கும் புறம்போக்குக் குடியிருப்பிலிருந்து பத்துப் பேர் வந்து நின்றார்கள். "உங்க வீட்டுத் தண்ணிய எங்க வீட்டுக்குள்ள விடறீங்களே, நாங்க எங்க போறது?" என்று ஒரு அம்மா கேட்டார். எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற இன்ஜினியர், சரிவு மட்டம் பற்றி விளக்க ஆரம்பித்தார். நான் மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். என்னோடு இரண்டு பேர் சேர்ந்தார்கள், நாலைந்து பேர் இன்றுவரை அதற்காக என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. கடைசியில் இரண்டு பக்கத்து ஆட்களுமாகச் சேர்ந்து அடைப்பெடுத்து வாய்க்காலுக்கு வழி விட்டார்கள், மதியம் ஆனது. சங்கத்தின் எல்லை எங்கே முடிகிறதோ அங்கே அதன் மனசாட்சியும் முடிந்துவிடுவதை அன்றைக்குப் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்துச் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, தென்பெண்ணை கடலூரில் கரையை மீறியது. அப்பா அம்மா வீட்டு வாசல்படி வரை தண்ணீர். நான் பதறிப் போன் செய்தால் அம்மா சாதாரணமாக, "பிரிட்ஜை மாடிக்கு ஏத்திட்டாங்கடி" என்றார். யார் என்றால் அந்தப் படி கட்டிய எதிர்வீட்டுக்காரர்தான்.

அடுக்குமாடி என்றால் இந்தப் பேச்செல்லாம் பொருந்தாது. அங்கே லிஃப்ட், மோட்டார், மொட்டைமாடி எல்லாம் பொது, சங்கம் இல்லாமல் ஆறு மாதம்கூட ஓடாது. 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி கட்டுநர் சங்கம் அமைய வழிசெய்தே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் 2022-ஆம் வருஷ அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2024-ல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம் என்கிறது. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும் ஊரில் இது எப்போதோ வரப்போகிற கதை இல்லை. ஆனால் அந்தச் சட்டம் கடலூருக்குத்தான், புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்கு அது பொருந்தாது. இரண்டு ஊரையும் ஒரே ஊராக நினைத்து வாங்கிவிட்டு அப்புறம் வக்கீலிடம் போகிறவர்கள் உண்டு.

நீங்கள் பார்ப்பது தனி வீடு என்றால் என் யோசனை இது. புதுச்சேரியில் சங்கம் உள்ள நகரையே பாருங்கள், கவுன்சிலர் இல்லாத ஊரில் அந்த லெட்டர்பேடு வேண்டும். கடலூரில் பழைய தெரு என்றால் சங்கம் இல்லையே என்று தயங்க வேண்டாம். அங்கே நாலு வீட்டுக்காரர்களிடம் பேசினாலே போதும். எந்த ஊரானாலும் சித்திரையில் போய் வீடு பார்க்காதீர்கள், ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழைநாளில் போங்கள். சங்கத் தலைவரிடம் விதிகளைக் கேட்காமல் போன வருஷ வரவு செலவைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அதுவே பதில். வாட்ச்மேனிடம் தனியாக, போன மாதச் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது என்று கேளுங்கள்.

அப்புறம் மோட்டார் இருந்தால் சாவி யாரிடம் என்றும் கேளுங்கள். எங்கள் நகரில் இப்போது என்னிடம் ஒன்று இருக்கிறது. ரசீதுப் புத்தகமும் இருக்கிறது. போன பொதுக்குழுவுக்கு 19 பேர்தான் வந்தார்கள், புதுப் பொருளாளரைத் தேர்ந்தெடுக்க ஆள் போதவில்லை.