பயறு எடுக்கிற நாளில் போங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சென்னையில் வேலை பார்க்கிறேன். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஏழு. சென்ற மாதம் இருவரையும் ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக்கு அழைத்துப் போனோம். தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். மாட்டுவண்டியில் ஒரு சுற்று, ஆட்டுக்குட்டிக்குப் புட்டிப்பால், குயவர் சக்கரத்தில் ஆளுக்கு இரண்டு நிமிடம், வாழையிலைச் சாப்பாடு. எல்லாம் ஒழுங்காகத்தான் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆனால் மதியத்துக்கு மேல் பையன் “எப்பப்பா வீட்டுக்குப் போறோம்?” என்று ஆரம்பித்துவிட்டான். செல்போனில் நிறையப் படங்கள் மிஞ்சின, அவ்வளவுதான்.

என் சிறுவயதில் பாட்டி வீட்டு மொட்டைமாடியில் வற்றல் போடுவார்கள். அந்த ஒரு நாளுக்காக வருஷமெல்லாம் காத்திருப்பேன். செலவே இல்லாத சந்தோஷம். அது உண்மையிலேயே அப்படித்தான் இருந்ததா, இல்லை நாற்பதை நெருங்குகிறவர்கள் எல்லோருக்கும் அப்படித் தோன்றுகிறதா? மனைவியிடம் கேட்டால், “உங்களுக்கென்ன, உட்கார்ந்து தின்னவர்தானே” என்கிறாள். மாமனாருக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் கொஞ்சம் நிலம் இருக்கிறது. மே மாத விடுமுறைக்கு அங்கே போகலாமா என்று ஒரு யோசனை. மகள் ஒயர் கூடை பின்னவேண்டும் என்று யூடியூப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதற்கும் நீங்கள் ஏதாவது சொன்னால் நல்லது.

அன்புடன்,
க., சென்னை

அன்புள்ள க.,

உங்கள் மனைவி சொன்னதைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். வற்றல் போட்ட நாள் என்றதும் உங்களுக்கு மாடியும் வெயிலும் ஞாபகம் வருகின்றன. அவருக்கு முந்தின நாளே அரிசி ஊறவைத்து அரைத்தது ஞாபகம் வந்திருக்கும். உப்பும் பச்சைமிளகாய் விழுதும் பெருங்காயமும் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கரைத்து ஊற்றி, கட்டி தட்டாமல் கிளறுவது லேசுப்பட்ட வேலை இல்லை. கூழ் இறுக இறுகக் கரண்டி நகராது, தோள்பட்டை விட்டுப்போகும். இருட்டோடு எழுந்து இதையெல்லாம் முடித்தால்தான் வெயில் ஏறுவதற்குள் மாடியில் வேட்டியை நனைத்து விரித்துப் பிழிய முடியும். கூழ் ஆறிவிட்டால் அச்சில் இறங்காமல் முரண்டு பிடிக்கும். காய்ந்ததும் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து ஒவ்வொன்றாக உரிக்க வேண்டும், மறுபடி காயவைக்க வேண்டும். பிறகு டின்னில் போட்டு மூடினால் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு ஆகும். இத்தனையும் பெண்கள் வேலை. எனக்குத் தெரிந்த வீடுகளில் ஆண்கள் செய்தது அந்த டின்னைப் பரண்மேல் தூக்கி வைத்தது. செலவே இல்லாத சந்தோஷம் என்கிறீர்கள். செலவு உங்கள் பாட்டியுடையது. அடுத்த பங்குனியில் உங்கள் மாடியில் வற்றல் போடுவதானால் கூழை நீங்கள் கிளறுங்கள். ஒரு படி அரிசி வேண்டாம், ஓர் உழக்கு போதும். மனைவி நாற்காலி போட்டு உட்கார்ந்து உப்புப் பார்த்துச் சொல்லட்டும்.

அதற்காக நீங்கள் அனுபவித்தது பொய் என்று ஆகிவிடாது. மாடியில் உங்களுக்கு என்ன வேலை கொடுத்திருந்தார்கள்? காக்காய் விரட்டுகிற வேலையாகத்தான் இருக்கும். பக்கத்தில் கறுப்புக் குடையை விரித்து வைத்து, கையில் ஒரு குச்சியைக் கொடுத்து உட்காரவைப்பார்கள். பையன் அசந்தால் காக்காய் நிஜமாகவே கொத்திக்கொண்டு போகும், கீழேயிருந்து திட்டும் நிஜமாகவே வரும். வீட்டின் மழைக்காலச் சாப்பாட்டில் ஒரு பங்கை ஏழு வயதுப் பையனை நம்பி விட்டிருந்தார்கள். மேலே காய்ந்து உள்ளே பிசுபிசுவென்று இருக்கிற அரைக்காய்ச்சல் வற்றல்தான் அவனுக்குக் கூலி. எத்தனை தின்றான் என்று யாரும் எண்ணவில்லை.

பண்ணையில் உங்கள் மகனை நம்பி எதுவும் இல்லை. அவனுக்கு முன்னால் பத்துப் பிள்ளைகள் அந்தக் குட்டிக்குப் புட்டியை நீட்டியிருப்பார்கள் (குட்டியின் வயிற்றை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது). சக்கரத்தில் அவன் வனைந்தது பானையாக வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, யார் வீட்டிலும் உலை நிற்கப்போவதில்லை. இதைப் பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். பண்ணைக்காரர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு நாள் வந்து போகிறவர்களிடம் அவர்கள் எந்த வேலையை நம்பி ஒப்படைப்பார்கள்?

மகளின் ஒயர் கூடை நல்ல விஷயம். சிவன் கண், நெல்லிக்காய் என்று பின்னல்களின் பெயரைப் பார்த்து மயங்கியிருப்பாள். முதலில் சாதா முடிச்சு கைக்கு வரட்டும், செல்போன் வைக்கிற அளவில் ஒரு சின்னப் பை பின்னட்டும். யூடியூப் மோசமில்லை, நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் எவ்வளவு இறுக்கவேண்டும் என்பது பார்த்து வராது. எண்பதுகளில் கூடை பின்னிய ஒரு பெண்மணி உங்கள் உறவிலோ பக்கத்து வீட்டிலோ கட்டாயம் இருப்பார், அவர் பக்கத்தில் இரண்டு நாள் உட்காரட்டும். அடி பின்னி முடிகிறவரை அது கூடை போலவே இருக்காது, கிழிந்த பாய்த்துண்டு மாதிரி கிடக்கும். பாதிப் பேர் அங்கேதான் தூக்கி மூலையில் போடுகிறார்கள். பக்கம் எழும்பத் தொடங்கிவிட்டால் பிறகு சாப்பிடக் கூப்பிடுவது ஒன்றுதான் உங்கள் பொறுப்பு. முடிந்ததும் தயவுசெய்து அதை ஷோகேஸில் வைக்காதீர்கள். எலுமிச்சையும் கொத்தமல்லியும் வாங்க எடுத்துக்கொண்டு போங்கள்.

இனி மாமனார் நிலம். மே மாதம் வேண்டாம். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவார்கள், அதுவும் அணையில் தண்ணீர் இருந்தால். திருத்துறைப்பூண்டி காவிரிப் பாசனத்தின் கடைமடை. திறந்த தண்ணீர் அங்கே வந்து சேர இன்னும் பல நாள் ஆகும். மே மாதத்தில் நீங்கள் பார்க்கப்போவது வெடித்த வயலும் காய்ந்த வாய்க்காலும்தான். பங்குனியில் போங்கள். சம்பா அறுவடைக்கு முன்னால் மாமனார் பயறு தெளித்திருந்தால் அப்போதுதான் எடுப்பு.

டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நெல் அறுக்க ஏழு முதல் பத்து நாள் இருக்கும்போது, மண் மெழுகு பதத்தில் இருக்கையில், நிற்கிற நெற்பயிருக்குள்ளேயே உளுந்தையோ பச்சைப்பயறையோ வீசிவிடுவார்கள். உழவு கிடையாது, தண்ணீர் பாய்ச்சுவதும் கிடையாது. நெல் வீட்டுக்குப் போனபின் அறுத்த தாளுக்கு நடுவே பயறு எழும்பி வரும். மண்ணில் மிச்சமிருக்கிற ஈரத்தையும் விடிகாலைப் பனியையும் குடித்தே எழுபது நாள் சுமாருக்கு முற்றிவிடும். அறுவடை இயந்திரம் வந்தபின் அதன் அடியில் முளைகள் நசுங்குகின்றன, அதனால் இதை விட்டவர்களும் உண்டு. ஆகவே முதலில் மாமனாரிடம் கேட்டுவிடுங்கள்.

உளுந்து என்றால் பிள்ளைகளை இறக்காதீர்கள். செடியோடு பிடுங்கிக் களத்தில் போட்டு அடிக்கிற வேலை, சுணை மேலெல்லாம் அரிக்கும். பச்சைப்பயறுதான் அவர்களுக்கு ஏற்றது. அதன் காய்கள் ஒரே நேரத்தில் முற்றுவதில்லை. கறுத்த காயை மட்டும் பறித்துவிட்டு, பச்சையை விட்டுவைத்து, சில நாள் கழித்து மறுபடி இறங்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் முற்றிய காய் தொட்டதுமே வெடித்து மணிகள் தெறித்துவிடும். அதனால் விடிந்ததும் வயலில் இறங்கி வெயில் உறைப்பதற்குள் கரையேறிவிட வேண்டும். செடியின் உயரம் முழங்கால் அளவு. நீங்கள் இடுப்பொடியக் குனிகிற இடத்தில் உங்கள் மகன் லேசாகச் சாய்ந்தால் போதும். எது கறுப்பு, எது பச்சை என்று பார்க்கிற கண்ணும் அவனுக்குத்தான் கூர்மை. அவன் விட்ட காய் வெடித்து மண்ணோடு போகும், அவன் பறித்த காய் வீட்டுக்கு வரும். அது அவனுக்கே தெரியும். பறித்ததை வெயிலில் உலர்த்தி, சாக்கில் கட்டிக் கம்பால் தட்டி, முறத்தில் புடைத்துக் காட்டுங்கள். புடைக்கிற வேலையை மாமியாரிடம் விட்டுவிடுவது நல்லது, நீங்கள் முயன்றால் பாதிப் பயறு தெருவுக்குப் போகும். இளங்காயாக ஒரு கை பறித்து வந்து உப்புப் போட்டு வேகவைத்துத் தோலோடு வாயில் வைத்து இழுத்துத் தின்னக் கற்றுக்கொடுங்கள்.

அதே வயலில் கூலிக்குப் பறிக்கிற பெண்கள் இருப்பார்கள். பறித்ததில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி என்கிற வழக்கம் இருக்கிற ஊரானால், உங்கள் பிள்ளைகள் அவர்கள் பாத்திக்குள் புகுந்து பறிப்பது அவர்கள் மடியிலிருந்து எடுப்பதுதான். ஒரு மூலையைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காமல் அவர்களைப் படம் எடுக்காதீர்கள். ஒரு காலைப்பொழுது பறிப்பது குஷியாக இருக்கும். வயிற்றுக்காகப் பருவம் முழுக்கக் குனிந்து நிற்பது எப்படி இருக்கும் என்று உங்கள் மகள் அந்தப் பெண்களிடமே கேட்கட்டும். பத்து வயதுக்கு அதெல்லாம் புரியும்.

சிக்கல் ஒன்று உண்டு. பிள்ளைகளுக்கு ஆண்டுத் தேர்வு நெருங்குவதும் அந்தச் சமயத்தில்தான். பயிரைத் தள்ளிவைக்க முடியாது, தேர்வையும் தள்ளிவைக்க முடியாது. மாசி கடைசியிலேயே மாமனாருக்குப் போன் செய்து முதல் எடுப்பு எந்த வாரம் வரும் என்று கேட்டுக்கொண்டு, தேர்வு அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் எடுப்புத் தவறினால் இரண்டாவது இருக்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் சனிக்கிழமைக் காலையை விட்டுவிட்டாலும் ஞாயிறு விடியற்காலை முழுசாகக் கிடைக்கும். முழுக்கைச் சட்டை, தொப்பி, பிள்ளைகளுக்குக் காலில் செருப்பு. அறுத்த நெல்தாள் குத்தும்.

அன்புடன்,
அக்கா