வாசகர் கேள்வி: கத்தோலிக்கப் பேராயருக்கு ஏன் கேன்டர்பரி இல்லை?

கேள்வி: இங்கிலாந்தில் கத்தோலிக்கர்களின் முதன்மைப் பேராயர் வெஸ்ட்மின்ஸ்டரில் இருக்கிறார். பழைமையான கேன்டர்பரியை ஏன் விட்டுவிட்டார்கள்?

பதில்: விடவில்லை, பறிபோனது. 597-இல் மறைபரப்ப வந்த புனித அகுஸ்தின் தலைமையிடமாக்கிய கேன்டர்பரி முதல் பழைய மறைமாவட்டங்கள் (ஆயர் ஒருவரின் பொறுப்பில் உள்ள பகுதிகள்) எல்லாமே, 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தத்தில் கோயில், சொத்து, பெயர் சகிதம், ரோமிடமிருந்து பிரிந்த ஆங்கிலிக்கன் சபையிடம் போய்விட்டன. அதற்கப்புறம் ரோமைப் பொறுத்தவரை இங்கிலாந்து ஒரு மிஷன் நாடு மாதிரிதான்; மறைமாவட்டம் கிடையாது, போப்பாண்டவரின் பிரதிநிதிகளாக வந்த ஆயர்கள் 1688 முதல் நான்கு வட்டாரங்களாகவும் 1840 முதல் எட்டு வட்டாரங்களாகவும் பிரித்துக்கொண்டு சமாளித்தார்கள்.

1850-இல் போப் ஒன்பதாம் பயஸ் ஒரே ஆணையில் வெஸ்ட்மின்ஸ்டரைத் தலைமையாக வைத்து 13 மறைமாவட்டங்களை உருவாக்கினார். ஆனால் ஆங்கிலிக்கன் ஆயர்களின் பட்டப்பெயரைப் பிறர் வைத்துக்கொண்டால் 100 பவுண்டு அபராதம் என்று 1829 சட்டம் சொன்னது, அதனால்தான் லிவர்பூல், பர்மிங்காம் என்று யாரும் எடுக்காத ஊர்களாகப் பார்த்து வைத்தார்கள். அப்படியும் நாடே கொதித்தது. அந்த நவம்பரில் புதிய பேராயர் வைஸ்மேனின் கொடும்பாவியை எரித்தார்கள், 1851-இல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. யாரையும் தண்டிக்காமலே 1871-இல் அது ரத்தானது.

வேடிக்கை என்னவென்றால், பிற்பாடு ஆங்கிலிக்கன் சபையே 1880-இல் லிவர்பூலிலும் 1905-இல் பர்மிங்காமிலும் அதே பெயரில் மறைமாவட்டம் தொடங்கியது. அதற்கு யாரும் அபராதம் கேட்கவில்லை!