ஒரு ஜோடி கம்மலுக்கு இவ்வளவு கதையா?

கேள்வி: எங்கள் கல்லூரியில் ‘மதாம் தெ...’ என்ற பழைய பிரெஞ்சுப் படத்தைத் திரையிட்டார்கள். எல்லாரும் ‘நாவல் படித்த மாதிரி இருக்கிறது’ என்றார்கள். எனக்கோ பணக்காரப் பெண்ணின் கம்மல் கதையாகத்தான் தெரிந்தது. அடுத்த வாரம் இதைப் பற்றி நான் பேச வேண்டும். இதில் இலக்கியம் எங்கே இருக்கிறது?

பதில்: லூயிஸ் தெ வில்மோரன் 1951-இல் எழுதிய குறுநாவலைத்தான் மாக்ஸ் ஓஃபூல்ஸ் 1953-இல் படமாக்கினார். ஆனால் பேச்சை அதில் தொடங்காதீர்கள். நீங்கள் அலுத்துக்கொண்ட கம்மலிலேயே தொடங்குங்கள்.

அது கை மாறும் வரிசையைப் பாருங்கள். கடன் தொல்லையில் இருக்கும் கதாநாயகி லூயிஸ் (எழுத்தாளரின் பெயரும் அதேதான்), கணவன் தந்த கல்யாணப் பரிசை ரகசியமாக விற்றுவிட்டு, ஓபரா என்ற இசைநாடகத்தைப் பார்க்கப் போன இடத்தில் தொலைந்துபோனதாக நடிக்கிறாள். நகைக்கடைக்காரர் அதைக் கணவனிடமே விற்கிறார். ஜெனரலான அவரோ ஊரைவிட்டுப் போகும் தன் ஆசைநாயகிக்கு அதைக் கொடுத்தனுப்புகிறார். அவள் கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) சூதாடித் தோற்று அதை விற்கிறாள். அங்கே அதை வாங்கிய டொனாட்டி என்ற இத்தாலியத் தூதர் பாரிசுக்கு வந்து, லூயிஸிடம் மனதைப் பறிகொடுத்து, பரிசாக நீட்டுவது அதே கம்மலை! கணவன் தந்தபோது கடனடைக்க உதவிய பொருள், காதலன் தந்ததும் அவளுக்கு உயிராகிவிடுகிறது. கடைசியில் அது மறுபடியும் கை மாறிக் கடைக்குப் போய்விட, மற்ற நகைகளை விற்று இதைத் திரும்ப வாங்குகிறாள். கல் அதேதான், அர்த்தம்தான் வேறு. குறியீடு என்று வகுப்பில் சொல்வார்களே, அது இங்கே யாரும் விளக்காமலே வேலை செய்கிறது.

அப்புறம் முரண்நகை. டொனாட்டி விடைபெறும்போது லூயிஸ் கதவோரம் நின்று “உங்களை நான் காதலிக்கவில்லை” என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள். லூயிஸாக நடித்த தாரியூ அதைச் சொல்லும் விதத்தில் பொய் எது என்று நமக்குப் புரிந்துவிடும்.

நடனக் காட்சியை விட்டுவிடாதீர்கள். பல நாள் விருந்துகள் ஒரே வால்ட்ஸாக, அதாவது சுழன்றாடும் ஜோடி நடனமாக, ஓடுகின்றன. சந்திப்புகளுக்கு நடுவே இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது. காதல் வளர்ந்ததைச் சொல்ல ஒரு நாவலாசிரியருக்கு ஓர் அத்தியாயம் தேவைப்பட்டிருக்கும்.

கணவனும் டொனாட்டியும் மோதும் இறுதித் துப்பாக்கிச் சண்டையில் அதிகம் மெனக்கெட வேண்டாம், என் கணக்கில் அது படத்தின் சாதாரணமான பகுதி. நேரம் மிச்சமிருந்தால் முதல் காட்சியைப் போட்டுக் காட்டுங்கள். முகம் தெரியாமல் ஒரு கை உடைகளையும் நகைகளையும் தடவிக்கொண்டே போகும். எதையெல்லாம் விற்க அவளுக்கு மனசு வரவில்லை என்று கூட்டத்திடம் கேட்டுப் பாருங்கள், விவாதம் தானாகச் சூடுபிடிக்கும்.