படகுக் கல் புதிர்: வாளியில் மட்டம் இறங்காதது ஏன்?

மிதக்கும் கிண்ணத்தில் (அதுதான் படகு) இருக்கும் கல்லை எடுத்து அதே நீரில் போட்டால் நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா என்பதுதான் புதிர். வகுப்பில் வாளியில் செய்துகாட்டியபோது மட்டம் அப்படியே இருந்ததுபோல் தெரிந்ததா? மட்டம் இறங்கியிருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். மிதக்கும் கிண்ணத்தில் இருக்கும்வரை 260 கிராம் கருங்கல் 260 மில்லிலிட்டர் நீரை ஒதுக்குகிறது. நீரில் போட்டு மூழ்கிய பிறகு ஒதுக்குவது ஏறத்தாழ 100 மட்டுமே. 30 செ.மீ. அகல வாளியில் இந்த வித்தியாசம் 2 மில்லிமீட்டர் சொச்சம். கடைசி பெஞ்சுக்கு எப்படித் தெரியும்?

12 செ.மீ. அகலக் கண்ணாடி ஜாடிக்கு மாறுங்கள். வெளியே காகிதப் பட்டை ஒட்டி, முதலில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதே கல்லுக்கு மட்டம் சுமார் 1.4 செ.மீ. இறங்கும். ஏறுமா, இறங்குமா என்று முன்கூட்டியே கை தூக்கச் சொல்லுங்கள்; பெரும்பாலும் வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும்.

கல்லைத் தொப்பென்று போடாமல் நூலில் கட்டி இறக்குங்கள். நீர் வெளியே தெறித்தால் மட்டம் அதனாலும் இறங்கும். கெட்டிக்காரப் பிள்ளை அதைத்தான் முதலில் பிடிப்பான்.