ஸ்ட்ரோக் ஊசி: எதை விடலாம், எதை விடவே கூடாது?

கேள்வி: நான் ஒரு நடுத்தரமான தனியார் மருத்துவமனையில் கேசுவால்ட்டி ஸ்டாஃப் நர்ஸ். சிடி ஸ்கேன் இருக்கிறது, நரம்பியல் டாக்டர் போன் போட்டால் வருவார். ஆனால் ஸ்ட்ரோக் நோயாளி வந்து ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதற்குள் ஒன்றரை மணி நேரம் ஓடிவிடுகிறது. சீக்கிரம் போடு என்கிறார்கள். அவசரத்தில் எதையாவது விட்டு, மூளையில் ரத்தக்கசிவு வந்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்கு பயம். எதை விடலாம், எதை விடக்கூடாது?

பதில்: சிஸ்டர், இந்தப் பயம் இருக்கிற நர்ஸ்தான் எனக்கு வேண்டும். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பிரித்துப் பாருங்கள், பாதுகாப்புக்காகச் செய்கிற வேலைக்குக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. மீதி முழுக்கக் காத்திருப்பு. ட்ராலிக்கு, லிஃப்டுக்கு, லேப் ரிப்போர்ட்டுக்கு, பில்லுக்கு, அப்புறம் பெரிய மகன் ஊரிலிருந்து வந்து சேர்வதற்கு. பெரிய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்ட மூளையில் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் செத்துக்கொண்டிருக்கும்போது நாம் வராந்தாவில் நிற்கிறோம்.

விடவே கூடாததை முதலில் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலே நேரம். "எப்போது வந்தது?" என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்குத் தப்பான பதில்தான் வரும். ஒரு அம்மா என்னிடம் "காலை ஏழு மணிக்கு டாக்டர்" என்று உறுதியாகச் சொன்னார். கணவர் பேச்சில்லாமல் கிடப்பதை அவர் பார்த்தது ஏழு மணிக்கு. "கடைசியாக உங்களோடு நன்றாகப் பேசினது எப்போது?" என்று கேட்ட பிறகுதான், ராத்திரி பத்து மணிக்கு மாத்திரை போட்டுப் படுத்தவர் என்று தெரிந்தது. கணக்கு ராத்திரி பத்திலிருந்துதான் தொடங்கும், வழக்கமான நாலரை மணி நேர எல்லையைத் தாண்டியாகிவிட்டது. (தூக்கத்தில் வந்த ஸ்ட்ரோக் என்றால் கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை, எம்ஆர்ஐ பார்த்துச் சிலருக்குப் போடலாம். அது டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு.) காபி குடித்தாரா, பால் வாங்கினாரா, யாருக்காவது போன் பேசினாரா என்று கேளுங்கள். போனில் கால் வந்த நேரம் பதிவாகியிருக்கும், அது மனிதர்களின் ஞாபகத்தைவிட நம்பகமானது.

அடுத்து, நரம்பில் சாய மருந்து ஏற்றாமல் எடுக்கும் சிடி. மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று பார்க்காமல் இந்த ஊசியைத் தொடக்கூடாது. கூடவே விரலில் குத்திப் பார்க்கும் சுகர், ஏனென்றால் சுகர் 50க்குக் கீழே இறங்கினாலும் ஒரு பக்கம் கை கால் விழுந்து, பார்ப்பதற்கு அச்சு அசல் ஸ்ட்ரோக் போலவே இருக்கும். அப்புறம் பி.பி. ஊசிக்கு முன்னால் 185/110க்குக் கீழே இருக்க வேண்டும், போட்ட பிறகு 24 மணி நேரத்துக்கு 180/105க்குள். அதிகமாக இருந்தால் லேபெட்டலால் 10 முதல் 20 மி.கி. நரம்பில் மெதுவாகப் போட டாக்டர் சொல்வார், அதைக் கேசுவால்ட்டி ட்ரேயிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நிஃபெடிபின் கேப்ஸ்யூலை நாக்குக்கு அடியில் பிழிந்துவிடும் பழைய வழக்கம் வேண்டவே வேண்டாம். பி.பி. தடாலென்று விழுந்தால், கொஞ்சம் ரத்தத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் மூளைப் பகுதியும் போய்விடும்.

கடைசியாக, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்ற கேள்வி. வால்வு ஆபரேஷன் ஆனவர்கள், இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்கள் வார்ஃபரின், அசிட்ரோம், டாபிகாட்ரான், அபிக்ஸாபான் மாதிரி ஏதாவது எடுப்பார்கள். வீட்டுக்காரர்களுக்குப் பெயர் தெரியாது, "ரத்தம் மெலிசாக ஒரு மாத்திரை" என்பார்கள். அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்குள் தலையில் பெரிய அடி, ஸ்ட்ரோக், மூளை ஆபரேஷன், மூன்று வாரத்துக்குள் வயிற்றில் ரத்தப்போக்கு, எப்போதாவது மூளையில் ரத்தக்கசிவு, இவற்றையும் அதே மூச்சில் கேட்டுவிடலாம்.

இவ்வளவுதான். மற்றவற்றுக்குக் காத்திருக்க வேண்டாம். ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு), பிளேட்லெட் எல்லாம் ரத்தம் எடுத்து அனுப்புங்கள், ஆனால் அந்த மாத்திரைகள் சாப்பிடாத, ரத்தக்கோளாறு எதுவும் தெரியாத நோயாளிக்கு ரிப்போர்ட் வரும்வரை ஊசியை நிறுத்தி வைக்கத் தேவையில்லை. மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால்தான் ஐ.என்.ஆர். 1.7க்கு மேல் இல்லை என்று தெரிய வேண்டும், டாபிகாட்ரான், அபிக்ஸாபான் போன்ற புதிய வகை மாத்திரை என்றால் கடைசி டோஸ் எப்போது என்று தெரிய வேண்டும். மார்பு எக்ஸ்ரே பிறகு எடுக்கலாம். ஈசிஜியை மானிட்டர் மாட்டும் கையோடு எடுத்தால் சரி. யூரின் ட்யூப், மூக்கு ட்யூப் இரண்டுக்கும் இப்போது அவசரமில்லை, ஊசிக்குப் பிறகு அவசரப்பட்டுச் சொருகினால் அங்கேயே ரத்தம் கசியும்.

பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மருத்துவமனையில் 1998இல் நோயாளி வாசலுக்கு வந்து ஊசி போட 105 நிமிடம் ஆனது, உங்களைவிட அதிகம். 2011இல் அதை 20 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். மருந்து அதே மருந்துதான். ஆம்புலன்ஸிலிருந்தே தகவல் வந்துவிடும், கட்டிலில் இறக்காமல் நேராக சிடி மேசைக்குப் போவார்கள், முதல் டோஸை அங்கேயே போடுவார்கள். உங்கள் ஊரில் 108 ஊழியர்கள் முன்கூட்டி உங்களுக்கு ஒரு போன் போட்டாலே சிடி டெக்னீஷியனை எழுப்பி மேசையைக் காலி செய்து வைக்கலாம்.

மருந்து எங்கே இருக்கிறது என்பது இன்னொரு விஷயம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் சிடி முடிந்து எல்லாம் தயார், நோயாளியின் மருமகன் கீழே மருந்துக் கவுண்டரில் கார்டு வேலை செய்யாமல் நாற்பது நிமிடம் நின்றுகொண்டிருந்தார். அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. குறைந்தது ஒரு நோயாளிக்கான மருந்து கேசுவால்ட்டியிலேயே இருக்க வேண்டும், பணக்கணக்கு பிறகு. நிர்வாகத்திடம் இதை உங்கள் டாக்டரோடு சேர்ந்து போய்க் கேளுங்கள்.

ரத்தக்கசிவுக்கு வருவோம், கையெழுத்து கேட்கும்போது குடும்பம் உறைந்து நிற்பதும் அங்கேதான். 1995இல் வந்த முதல் பெரிய ஆய்வில், மூன்று மணி நேரத்துக்குள் ஆல்டெப்ளேஸ் என்ற கட்டி கரைக்கும் மருந்து போட்டவர்களில் நூற்றுக்கு 6 பேர் போல நிலைமையை மோசமாக்கும் ரத்தக்கசிவு வந்தது, போடாதவர்களில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் அந்த ஆறு பேரையும் சேர்த்துக் கணக்கெடுத்தாலும், மூன்று மாதம் கழித்து யார் உதவியும் இல்லாமல் நடமாடியவர்கள் ஊசி போட்ட பக்கம்தான் அதிகம், சாவும் கூடவில்லை. குடும்பத்திடம் இரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். "ரத்தக்கசிவு வரலாம், கையெழுத்துப் போடுங்கள்" என்று மட்டும் சொன்னால் யார் போடுவார்கள்?

அந்த ஆபத்தைக் கூட்டுவதில் நம் கைத்தவறும் உண்டு, முக்கியமாக எடை. வீட்டில் 72 கிலோ என்று சொன்ன ஒரு பெரியவரைத் தூக்கி எடை பார்த்தபோது 58. ஆல்டெப்ளேஸ் கிலோவுக்கு 0.9 மி.கி. கணக்கில் 12 மி.கி.க்கு மேல் கூடுதலாகப் போயிருக்கும். 60 கிலோ என்றால் மொத்தம் 54 மி.கி., அதில் பத்தில் ஒரு பங்கு 5.4 ஒரு நிமிடத்தில், மீதி 48.6 ஒரு மணி நேரத்தில் பம்ப்பில். எவ்வளவு எடையானாலும் 90ஐத் தாண்டக்கூடாது. குப்பியைக் குலுக்காமல் மெல்லச் சுழற்றிக் கரையுங்கள். முதல் டோஸ் போட்டுவிட்டுப் பம்ப் தேடக்கூடாது, மருந்து சில நிமிடங்களில் ரத்தத்திலிருந்து போய்விடும். பம்ப் முடிந்ததும் குழாயில் தங்கியிருப்பதை அதே வேகத்தில் சலைன் விட்டு உள்ளே தள்ளுங்கள், பல இடங்களில் அது குப்பைக்குத்தான் போகிறது. கட்டி கரைக்கும் இன்னொரு மருந்தான டெனெக்டெப்ளேஸ் என்றால் ஒரே ஊசி, வேலை சுலபம். ஆனால் மாரடைப்புக்கு அதே மருந்தை 30 முதல் 50 மி.கி. வரை போடுவார்கள், ஸ்ட்ரோக்குக்கு 25ஐத் தாண்டக்கூடாது. இரண்டு பெட்டியையும் ஒரே ஃப்ரிட்ஜ் தட்டில் வைக்காதீர்கள். இந்திய பிராண்டுகளின் அளவு மாறலாம், அதனால் அளவை டாக்டரிடம் முன்பே எழுதி வாங்கி ஒட்டிவையுங்கள்.

ஊசிக்குப் பிறகு முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை, அடுத்த 6 மணி நேரம் அரை மணிக்கு ஒரு தடவை, பிறகு 24 மணி நேரம் முடியும்வரை மணிக்கு ஒரு தடவை பி.பி.யும் கை கால் பலமும் பேச்சும் பாருங்கள். திடீர்த் தலைவலி, வாந்தி, பி.பி. எகிறுவது, தூக்கிய கை மறுபடி விழுவது, இதில் எது வந்தாலும் பம்ப்பை நிறுத்திவிட்டுப் பிறகு டாக்டரைக் கூப்பிடுங்கள். நாக்கையும் பாருங்கள். எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஒரு பக்கமாக நாக்கு வீங்கி மூச்சடைக்கலாம். விழுங்குகிறாரா என்று சோதிக்காமல் தண்ணீர்கூடக் கூடாது. மறுநாள் சிடி பார்க்கும்வரை ஆஸ்பிரின் கிடையாது. ரத்தக்கசிவு வந்தால் ரத்தத்தை உறைய வைக்க ஏற்றும் கிரையோபிரெசிபிடேட் எந்த ரத்த வங்கியில் ராத்திரியிலும் கிடைக்கும் என்று இன்றைக்கே விசாரித்து நம்பரைச் சுவரில் எழுதிவையுங்கள்.

அப்புறம் ஒரு வேலை. அடுத்த ஐந்து நோயாளிகளுக்குக் கேஸ் ஷீட்டின் மூலையில் நான்கு நேரத்தை எழுதுங்கள்: வாசல், சிடி, முடிவு, ஊசி. எந்த இரண்டுக்கும் நடுவே அதிகம் போகிறது என்று பார்த்து, அதை மட்டும் முதலில் சரிசெய்யுங்கள்.